பரிசு வாங்கிய லாப்ரடார்

வேலூர்ப் பள்ளிகளில் 'விலங்கு நேயம்' என்று தலைப்புக் கொடுத்து ஓவியப் போட்டி வைத்தால் என்ன வரும் தெரியுமா? லாப்ரடார். தங்க நிற முடி, கழுத்தில் சிவப்புப் பட்டை, மேலே ஒரு இதயம். எல்லாம் கூகுளைப் பார்த்துப் போட்டது. நான் போயிருந்த ஒரு பள்ளியில் முதல் பரிசே அதற்குத்தான். அதே பள்ளி வாசலில் சொறி பிடித்த செவலை நாய் ஒன்று படுத்துக் கிடந்தது. அதை ஒரு பிள்ளையும் வரையவில்லை.

போட்டி வைக்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: படத்துக்குக் கீழே அந்த நாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத படத்துக்குப் பரிசு வேண்டாம்.

தெருநாய் மீட்பு வேலையில் இருக்கிற எங்களுக்குக் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று எங்கிருந்தாவது போன் வந்துகொண்டே இருக்கும். வண்டி அடித்துவிட்டது, புண்ணில் புழு வைத்துவிட்டது, குட்டிகளைச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பேசுகிறவர்கள் குரலில் இரக்கத்துக்குக் குறைவே இருக்காது, சிலர் அழுதே விடுவார்கள். சரி, எந்தக் காலை ஊன்றவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறதா, காதில் வெட்டு இருக்கிறதா என்று கேட்டால், "அதைக் கவனிக்கலீங்களே" என்பார்கள். அந்த நாய் வருஷக்கணக்காக அவர்கள் வாசலில்தான் கிடக்கும்.

அதனால்தான் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதைவிடக் கையில் கரித்துண்டைக் கொடுப்பது மேல் என்கிறேன். தள்ளி உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் துணையோடு, படுத்திருக்கும் ஒரு நாயை வரையட்டும். வரைய வேண்டுமென்றால் பார்த்துத்தானே ஆக வேண்டும். வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக் காதைப் பின்னால் மடித்திருந்தால் பயந்திருக்கிறது. உடம்பு விறைத்து, முறைத்துப் பார்த்தால் கிட்டே போகக் கூடாது. காதில் வெட்டு இருந்தால் கருத்தடை செய்து விட்ட நாய். கையால் ஒரு தடவை வரைந்த பிள்ளைக்கு இதெல்லாம் மறக்காது. (நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாய் ஆடு மாதிரி வந்தாலும் பரவாயில்லை.)

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. இன்று திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரை நம் வடஆற்காடுதான். 7ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும் சொல்லி, கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். பல்லவ அரசன் பெயர் இருக்கிற கல்லில் நாய்க்கும் ஒரு வரி! அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் கூகுள் நாயை வரைகிறார்கள்.

2025இல் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைப்பது பற்றி உச்ச நீதிமன்ற உத்தரவுகள் வந்த பிறகு தெருநாய் என்றாலே இரண்டு கட்சி ஆகிவிட்டது. "பிள்ளைகளை நாய்க்கிட்ட அனுப்புறீங்களே, கடிச்சா?" என்று கேட்பவர்களை விரோதியாகப் பார்க்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. வெறிநோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும், போட்ட ஊசியைப் பாதியில் விடக் கூடாது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பிள்ளைகள் கடியை மறைப்பது பெரும்பாலும் வீட்டில் திட்டு விழும் என்ற பயத்தில்தான். அதனால் வரைய அழைக்கும்போது பெற்றோரையும் சேர்த்தே அழையுங்கள். முதல் விதி அவர்களுக்கு: பிள்ளை வந்து "நாய் கடிச்சிடுச்சு" என்றால் திட்டாதீர்கள், சோப்பை எடுங்கள்.