வாய்தா என்றால் வாக்கு

நீதிமன்றத் தமிழைத் திருத்தப் புறப்படுகிறவர்கள் 'வாய்தா'வை எடுத்துவிட்டு 'ஒத்திவைப்பு' என்று எழுதச் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

அரபியில் பிறந்த சொல் இது. வக்கீல், ஜாமீன், ஜப்தி, தாவா, அமீனா என்று கோர்ட் கச்சேரிக்குள் நுழைந்த கூட்டத்தோடு இதுவும் வந்தது. மூலப் பொருள் வாக்குறுதி. இந்தியில் இன்றும் அப்படித்தான். முன்பேர வணிகத்தை அங்கே 'வாய்தா' வியாபாரம் என்பார்கள்: இன்ன தேதியில் இன்ன விலைக்குச் சரக்கு தருகிறேன் என்று பேசி முடிப்பது. நம் ஊரில் வரி கட்டவும் கடன் அடைக்கவும் குறித்த கெடுவும் வாய்தாதான். ஆக, அன்றைக்கு ஏதோ ஒன்று நடந்தே தீரும் என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர்.

அதை நீதிமன்ற வராந்தாவில் போய்ப் பாருங்கள். பாகப்பிரிவினை வழக்குக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெரியவர் காலையிலிருந்து தூணோரம் நிற்கிறார். பெயர் கூப்பிட்டு அரை நிமிடம்கூட ஆகாது. எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறாராம். குமாஸ்தா துண்டுச் சீட்டில் அடுத்த தேதியைக் கிறுக்கிக் கையில் திணிக்கிறார். பெரியவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் பஸ் டிக்கெட்டோடு வைத்துக்கொள்கிறார்.

இத்தனைக்கும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2002 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, உரிமையியல் வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது. வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பது காரணமே ஆகாது என்றும் எழுதியிருக்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், கைமீறிய சூழ்நிலைகளில் மட்டும் இந்த வரம்பைத் தளர்த்தலாம் என்றது. அந்தச் சிறு சந்து இன்று ராஜபாட்டையாகிவிட்டது. நீதிபதிகள் பற்றாக்குறையும் வழக்குக் குவியலும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வக்கீல் வராததற்கு அவை எப்படிக் காரணமாகும்?

'ஒத்திவைப்பு' என்று எழுதினால் இதில் யார்மீதும் குற்றமில்லை. ஏதோ மழைக்கு ஆட்டம் நின்றதுபோல் ஆகிவிடும். 'வாய்தா' என்றால் வாக்குக் கொடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். எனவே சொல் இருக்கட்டும். அந்தத் துண்டுச் சீட்டில் தேதிக்குப் பக்கத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதட்டும்: இன்று யார் கேட்டு, என்ன காரணத்துக்காகத் தள்ளிப்போனது, அடுத்த முறை என்ன நடக்கப்போகிறது.