23 வயதில் டிராஃப்ட் ஆனால் வளர்ச்சி முடிந்ததா?

“22 வயதிலோ அதற்குப் பிறகோ என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்வு செய்யும் நிகழ்வில், வந்த யாரும் நட்சத்திரம் ஆனதில்லை” என்று பரவும் தகவல் தவறு.

2016 டிராஃப்ட் ஒன்றே போதும். 27-ஆவதாகத் தேர்வான பாஸ்கல் சியாகமுக்கு அப்போது 22 வயது. 2019-இல் டொராண்டோ அணியுடன் சாம்பியன், அதே ஆண்டு அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதும் அவருக்கே. 36-ஆவதாக வந்த மால்கம் பிராக்டனுக்கு 23; சிறந்த அறிமுக வீரர் விருதையே தட்டிச் சென்றார்.

வயது கூடிய வீரர்கள் மீதான சந்தேகம் முழுக்க வீண் அல்ல. நாலாம் ஆண்டு கல்லூரி மாணவர் 19 வயதுப் பையன்களுக்கு எதிராகப் புள்ளி குவிப்பது ஏமாற்றும். 2021-இல் 24 வயதில் 13-ஆவதாக வந்த கிறிஸ் டுவார்டே முதல் சீசனில் ஜொலித்தார், பிறகு மங்கினார்.

இத்தகைய வீரரை எடைபோட, அவர் குவித்த புள்ளிக் கணக்கை விடுங்கள். ஃப்ரீ த்ரோ (தடுப்பார் இல்லாமல் எறியும் தண்டனை வீச்சு) சதவீதம், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி முயற்சிகளின் எண்ணிக்கை, ஆண்டுக்கு ஆண்டு கூடிய திறன் இவற்றைப் பாருங்கள். மூன்று புள்ளி வீச்சில் சதவீதம் மட்டும் பார்த்தால், குறைவாக எறிபவரும் கில்லாடியாகத் தெரிவார்.