புள்ளி விழாத குழந்தைகள்

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றதும் "தண்ணியக் காய்ச்சிக் குடு" என்பதுதான் நம் வீட்டுப் பெரியவர்களின் முதல் வார்த்தை. வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கு அது சரியான வைத்தியம். ஆனால் வங்கதேசத்தில் மேக்னா ஆற்றை ஒட்டிய மத்லப் வட்டாரத்தில், ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் கலந்த அடிபம்புத் தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் நீர் ஆவியாகுமே தவிர ஆர்சனிக் போகாது. மிஞ்சுகிற நீரில் அதன் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். நிறத்திலும் மணத்திலும் ருசியிலும் அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்ததால்தான் 1970களில் யுனிசெஃப் உதவியோடு ஊரூராக அடிபம்பு போட்டார்கள். நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில், இரும்புத் துகள்களோடு ஒட்டியிருக்கும் ஆர்சனிக், காற்றுப் புகாத நிலத்தடியில் நுண்ணுயிர்களின் வேலையால் பிரிந்து நீரில் கரைகிறது என்பது அப்போது யார் கணக்கிலும் இல்லை. 1983இல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா மேற்கு வங்க நோயாளிகளிடம் ஆர்சனிக் பாதிப்பைக் கண்டறிந்தார். வங்கதேசத்தில் 1993இல்தான் உறுதியானது. அதன்பின் சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, குறைவாக இருந்தால் பச்சை என்று சாயம் பூசினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 10. ஆகவே பச்சைப் பம்பு என்பதே பாதி ஆறுதல்தான்.

என் ஆதங்கம் வேறு. ஆர்சனிக் பாதிப்பு என்றாலே உள்ளங்கையில் தடித்த காய்ப்பும் மார்பில் மழைத்துளி தெறித்தாற்போல் புள்ளிகளும் உள்ள பெரியவர்களின் படங்களைத்தான் காட்டுகிறார்கள். அந்தப் புள்ளிகள் விழப் பல ஆண்டுகள் ஆகும். ஆறு மாதக் குழந்தையின் தோலில் ஒன்றும் தெரியாது. அடிக்கடி சளி பிடிக்கும், மூச்சு இரைக்கும், அதை யாரும் தண்ணீரோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

மத்லப்பில் சேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஆர்சனிக்கை அளந்து, அவர்களுக்குப் பிறந்த 1,552 குழந்தைகளை ஓராண்டு கவனித்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஆர்சனிக் மிகக் குறைவாக இருந்த தாய்மாரின் குழந்தைகளைவிட, மிக அதிகமாக இருந்தவர்களின் குழந்தைகளுக்கு நுரையீரல் தொற்று வரும் அபாயம் 69 சதவீதமும் வயிற்றுப்போக்கு அபாயம் 20 சதவீதமும் கூடுதலாக இருந்தன. அதே வட்டாரத்துக் குழந்தைகளை ஸ்கேன் செய்தபோது, தாயின் உடலில் ஆர்சனிக் கூடக்கூட, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி சிறுத்திருந்ததையும் கண்டார்கள். நோயை எதிர்க்கும் டி செல்கள் முதிர்ந்து பக்குவப்படுவது அந்தச் சுரப்பியில்தான். இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே, வறுமைக்கும் ஊட்டக்குறைவுக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கைத் தடுக்கப் போட்ட பம்பின் தண்ணீரோடு வயிற்றுப்போக்கே சேர்ந்து வருவதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாய் குடிக்கிற ஆர்சனிக் தாய்ப்பாலில் மிகச் சொற்பமாகத்தான் இறங்குகிறது என்பதும் மத்லப்பில் தெரியவந்ததே. அப்படியானால் காக்க வேண்டிய காலம் கர்ப்பமும், பால் தவிர வேறு நீராகாரம் கொடுக்கத் தொடங்கும் மாதங்களும். சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரம் 1958 முதல் 1970 வரை லிட்டருக்கு ஏறத்தாழ 860 மைக்ரோகிராம் ஆர்சனிக் உள்ள ஆற்றுநீரைக் குடித்தது. கருவிலும் சிறுவயதிலும் அதற்கு ஆட்பட்டவர்கள் ஐம்பதைத் தொடும் முன்பே நுரையீரல் நோய்களால் இறந்த விகிதம் மிகக் கூடுதலாக இருந்தது. தண்ணீரைச் சுத்திகரிக்கத் தொடங்கியதோடு கதை முடியவில்லை.

சிவப்புச் சாயம் பூசி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பல பம்புகளில் அது உதிர்ந்துவிட்டது. பிறகு வீட்டுக்கு வீடு சொந்தக் காசில் இறக்கிய குழாய்களில் பல ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்படாமலே இருந்தன. ஆழமான பாதுகாப்பான கிணறுகள் அரசியல் செல்வாக்குள்ளவர்களின் முற்றங்களுக்குப் போனதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016இல் எழுதியது. பெரிய திட்டங்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவரை, கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் பெண்ணின் வீட்டுப் பம்பு நீரை அந்த வாரமே சோதிக்கலாம். வெள்ளைச் சோதனைத்தாள் மஞ்சளாகிறதா பழுப்பாகிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. பக்கத்துப் பக்கத்துப் பம்புகளிலேயே அளவு மலைக்கும் மடுவுக்கும் வேறுபடும் மண் அது; பல ஊர்களில் குடிக்கத் தக்க பம்பு நூறு மீட்டருக்குள்ளேயே இருக்கிறது, எது என்றுதான் அவளுக்கு யாரும் சொல்வதில்லை.