1611 பைபிளின் ‘மீட் ஆஃபரிங்’ இறைச்சிப் பலி அல்ல

1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளில், லேவியராகமம் 2-ஆம் அதிகாரத்தில் வரும் ‘மீட் ஆஃபரிங்’ இறைச்சிப் பலிதான் என்று சிலர் சொல்கிறார்கள். அன்புடன் ஒரு திருத்தம்: அது மாவுக் காணிக்கை. 1611-இல் ‘மீட்’ என்றால் பொதுவாக உணவு என்ற பழைய பொருளும் வழக்கில் இருந்தது. இறைச்சி என்ற பொருள் அதற்கு முன்பே தலைகாட்டிவிட்டதால்தான் இந்தக் குழப்பம்.

சரிபார்க்க அதே அதிகாரத்தின் முதல் வசனமே போதும்: மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். விலங்கே இல்லை. ஆதியாகமம் 1:29-ஐயும் பாருங்கள். விதை தரும் பூண்டுகளும் மரக்கனிகளும் அங்கே ‘ஃபார் மீட்’ என்றே கொடுக்கப்படுகின்றன. 9:4-இல் இறைச்சியைக் குறிக்கும் சொல் ‘ஃப்ளெஷ்’. நம் பழைய தமிழ் வேதாகமமும் இதைச் சரியாகப் ‘போஜனபலி’ என்கிறது.