எல் அண்ட் டி டென்மார்க் கம்பெனியா?

"எல் அண்ட் டி டென்மார்க் கம்பெனி, லாபமெல்லாம் அங்கேதான் போகுது"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்பு. பெயரில் இருக்கும் லார்சன், டூப்ரோ இருவரும் டென்மார்க்காரர்கள், அதுவரைக்கும் சரி. சிமென்ட் இயந்திர வேலையாக இந்தியா வந்த அந்த இன்ஜினியர்கள் 1938-இல் கம்பெனியைத் தொடங்கியதே பம்பாயில்தான். 1946-இல் இங்கேயே பதிவும் செய்தார்கள். லார்சன் கடைசிவரை மும்பையில் வாழ்ந்து 2003-இல் காலமானார், அதற்கு முந்தைய வருடம் பத்மபூஷண் வேறு கொடுத்தார்கள். அப்புறம் லாபம்? இது ஒரு குடும்பத்தின் சொத்து இல்லை, பங்குகள் எல்.ஐ.சி., ஊழியர் அறக்கட்டளை, பொதுமக்கள் எனப் பலரிடம் பிரிந்து கிடக்கின்றன. மும்பை பங்குச்சந்தை இணையதளத்தில் பங்குதாரர் பட்டியலை யாரும் பார்க்கலாம். தயவுசெய்து இனி அந்த மெசேஜை அனுப்பாதீர்கள்.