முடக்குவாதத்துக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை: மலிவு மருந்தை ஆராய யார் முன்வருவார்கள்?

ஒரு மருந்து பழசாகி விலையும் இறங்கிவிட்டால், அதை மேற்கொண்டு ஆராயப் பணம் போட ஆள் கிடைப்பதில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு.

அடோர்வாஸ்டாட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அப்பாவோ மாமாவோ ராத்திரி போட்டுக்கொள்ளும் அதே கொலஸ்ட்ரால் மாத்திரை. அழற்சியையும் ஓரளவு தணிக்கும். கிளாஸ்கோ மருத்துவர்கள் இதை முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உள்ள 116 பேரிடம் சோதித்து, 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். வழக்கமான மருந்தோடு சேர்த்துச் சிலருக்குத் தினம் 40 மில்லிகிராம், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ஆறு மாதத்தில் மாத்திரை போட்டவர்களுக்கு மூட்டு வீக்கம் குறைந்தது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு ஏறக்குறைய பாதியானது. நோயின் வேகத்தை அளக்கும் டாஸ்28 கணக்கில் இறங்கியது 0.5 தான். சின்ன இறக்கம்தான், ஆனால் யாருக்குச் சின்னது?

டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும், இதே நோய் உள்ள என் சித்தியை ஜனவரிக் காலையில் பார்க்க வேண்டும். விரல் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவார். குக்கர் மூடியைத் திறக்க வெயில் ஏற வேண்டும். இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை வாராவாரம் போட்டும் இந்த நிலைமை. அதற்கு அடுத்த கட்ட மருந்தான பயாலஜிக் ஊசி பற்றி டாக்டர் சொன்னார். விலையைக் கேட்டதும் சித்தி, "அந்தப் பணத்துல பேத்திக்கு ஃபீஸ் கட்டிடலாம்டி" என்று எழுந்துவிட்டார்.

பிறகு பிரிட்டனில் சுமார் 3,000 முடக்குவாத நோயாளிகளிடம் இதே மாத்திரையைச் சோதித்தார்கள். அது முக்கியமாக இதயத்துக்கான ஆய்வு; இந்த நோய் இருந்தால் மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எதிர்பார்த்த அளவுக்கு மாரடைப்பு, பக்கவாதம் வராததால் பாதியில் நிறுத்தினார்கள். 2019-ல் வந்த முடிவில், மாத்திரை போட்டவர்களில் 1.6 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 2.4 சதவீதம் பேருக்கும் அந்தப் பாதிப்புகள். நல்ல அறிகுறிதான், ஆனால் அடித்துச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை.

அமெரிக்காவிலேயே 2011-ல் காப்புரிமை முடிந்த மருந்து. இனி எந்த கம்பெனிக்கு இதில் லாபம்? அரசுதான் செய்ய வேண்டும். அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். தலைமையகம் இதே டெல்லியில், அன்சாரி நகரில், எய்ம்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. ஊசி வாங்க முடியாத நோயாளிகளைத் தேடி அவர்கள் தூரம் போக வேண்டியதில்லை. மூட்டுக்கு என்ன பலன், யாருக்குப் பலன் என்று பெரிய அளவில் நம் மக்களிடமே சோதித்துச் சொல்லட்டும்.

அதுவரை யாரும் அப்பாவின் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். சிலருக்குத் தசைவலி வரும். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் ஏற்கெனவே கல்லீரலைக் கவனிக்க வேண்டியவர்கள். ஆனால் அடுத்த தடவை மூட்டு டாக்டரிடம் போகும்போது, "என் இதயத்துக்கு ஆபத்து எவ்வளவு, இந்த மாத்திரை எனக்குத் தேவையா" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.