பிரதியும் தோட்டமும்
இதழாசிரியர் பணியில் இருப்பவருக்குத் தோட்டம் முதலிய பொழுதுபோக்குகள் கவனச்சிதறல்தான் என்று நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1925இல் அமெரிக்காவின் நியூயார்க்கர் வார இதழ் தொடங்கிய சில மாதங்களிலேயே அதில் சேர்ந்து, எழுத்தாளர் நபகோவ் உள்ளிட்டோரின் கதைகளைச் செப்பனிட்ட கேத்தரின் ஒயிட், மெய்ன் மாநிலத்தின் நார்த் புரூக்ளினில் இருந்த தம் பண்ணைவீட்டில் ஆர்வத்துடன் தோட்டம் வளர்த்தார். 1938இல் அங்கேயே குடிபெயர்ந்த பிறகும், கையெழுத்துப் பிரதிகளை அஞ்சலில் பெற்றுப் பணியைத் தொடர்ந்தார். 1958இல் அவர் அதே இதழில் எழுதத் தொடங்கிய தோட்டக்கலைப் பத்தி, விதை நிறுவனங்களின் விலைப்பட்டியல்களைப் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுவதுபோல அலசியது. பட்டியலை எழுதியவரின் உரைநடையைக்கூட அவர் எடைபோட்டார். பிரதி திருத்திப் பழகிய கண் இல்லாத ஒருவரால் அப்படி எழுதியிருக்க முடியாது என்றே உறுதியாக எண்ணுகிறேன்.

நானும் ஒரு மாத இதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். இதழ் அச்சுக்குப் போகும் வாரத்தில் மாடித் தொட்டிகளுக்கு நீர் ஊற்றும் பொறுப்பை என் மாமியார் ஏற்றுக்கொள்கிறார் (அத்தகைய துணை இல்லாத வீடுகளில் இது கடினம் என்பதை மறுக்கவில்லை). மற்ற நாட்களில், கத்தரி இலைகளைப் புரட்டி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மெய்ப்புத் திருத்த அமர்கிறேன்.